கொழுப்பு மாத்திரையோடு காளான் பொடி சாப்பிடலாமா?

ஆலங்குடிப் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். கொழுப்பு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், "இதோட வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல தம்பி" என்பார்கள். பொடி, கேப்சூல், லேகியம் என்று பேர் சொல்லிக் கேட்டால்தான், "அது இயற்கைதானே!" என்று பதில் வரும்.

அப்படி ஒரு அம்மா, சொந்தக்காரர் விற்ற டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். முன்பக்கம் பெரிய காளான் படம். பின்பக்கம், பொடி எழுத்து இங்கிலீஷில் 'ரெட் ஈஸ்ட் ரைஸ்'.

அந்த அரிசியில் பூஞ்சை உண்டாக்கும் மோனகோலின் கே-யும், 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையும் ஒரே வேதிப்பொருள். ஸ்டாடின் எனப்படும் இந்த வகைக் கொழுப்பு மாத்திரைகளில் முதலாவதையே ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஆக, மாத்திரையோடு இந்தப் பொடியும் சேர்ந்தால், அளவு தெரியாமல் இன்னொரு ஸ்டாடினையும் விழுங்குகிறோம்.

கடை அனுபவத்தில் நான் சொல்லும் யோசனைகள்:

மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டோர்வாஸ்டாடினையும் சிம்வாஸ்டாடினையும் கல்லீரலில் சிதைக்கும் நொதியை மிளகிலுள்ள பைப்பரின் தடுக்கக்கூடும். மருந்து உடம்பில் தேங்கலாம். பல மஞ்சள் கேப்சூல்களில் பைப்பரின் சேர்க்கிறார்கள். ரோசுவாஸ்டாடின் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. ரசத்து மிளகுக்கும் சிப்பிக் காளான் குழம்புக்கும் பயம் வேண்டாம். செறிவூட்டிய சரக்குதான் கவனிக்க வேண்டியது.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எழுதியிருக்கிறார்களா? அப்படியானால் கானோடெர்மா காளான் பொடி, பூண்டு கேப்சூல் இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தக் கசிவு கூடலாம்.

குக்குலுவையும் சீந்திலையும் கவனியுங்கள். குக்குலு சாப்பிட்டவர்களுக்குத் தசைச் சிதைவும், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, டப்பாவைப் பார்த்தால்தான் டாக்டருக்குப் புரியும். சித்த மருத்துவரிடமும் இங்கிலீஷ் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள். காரணமில்லாமல் தொடை, கெண்டைக்கால் வலி, கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் பொடியை அன்றே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, தசைக்கான சிகே ரத்தப் பரிசோதனைகளில் விவரம் தெரிந்துவிடும்.

வலி எதுவும் இல்லாதபோது, பொடியை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது நெஞ்சுவலியை விலைக்கு வாங்குவது.

பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யாரும் புகார் பதியலாம். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். அதில் இருக்கும் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.