கல்லைச் சிதைக்காமற் காணல்

சேலத்திலிருந்து அயோத்தியாபட்டணம், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு மலைச்சாலை ஒன்று ஏறிச் செல்கின்றது. அச்சாலை சென்றடையும் சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளிலே பாக்சைட்டு என்னும் கல் உண்டு. அலுமினியம் என்னும் உலோகம் பாக்சைட்டிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஆயினும், செந்நிறக் கல்லெல்லாம் பாக்சைட்டு ஆகிவிடாது. கையிலுள்ள கல்லில் அலுமினியம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அறிவது எங்ஙனம்?

கல்லை இடித்துப் பொடியாக்கி, அமிலத்திற் கரைத்துப் பகுத்துப் பார்ப்பது பழைய முறை. விடை கிடைக்கும், கல் மிஞ்சாது. பொற்கொல்லர் உரைகல்லில் உரைக்கும்போதும் பொன்னின் துகள் சிறிது போய்விடுகின்றது. கோயிலிலுள்ள செப்புத் திருமேனியை அவ்வாறு உரைத்துப் பார்க்க யார் உடன்படுவர்? இத்தகைய பொருள்களை ஊறின்றி ஆராயவும் கருவிகள் உள்ளன.

அக்கருவி பொருளின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தும். அக்கதிர் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்றை வெளியே தள்ளிவிடும். வெற்றிடத்தை நிரப்ப வெளிவட்டத்து எலக்ட்ரான் ஒன்று உள்ளே இறங்கும். அப்பொழுது அணுவும் ஓர் எக்ஸ் கதிரை உமிழும். அதன் ஆற்றல் தனிமந்தோறும் வேறுபடும். அலுமினியத்தின் கதிருக்கு ஏறத்தாழ 1,490 எலக்ட்ரான் வோல்ட்டு. இரும்பின் கதிருக்கு 6,400. கருவியிலுள்ள சிலிக்கன் தகடு, தன்மேல் விழும் ஒவ்வொரு கதிரின் ஆற்றலுக்கும் ஏற்ற அளவு மின்னூட்டத்தைத் தரும். அதனை அளந்தும் எண்ணியும் தனிமங்களையும் அவற்றின் அளவையும் கணிக்கின்றனர். தனிமத்தின் அணு எண்ணுக்கும் அதன் எக்ஸ் கதிருக்கும் உள்ள இவ்வொழுங்கை 1913-ஆம் ஆண்டில் கண்டவர் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். 1915-இல், தம் இருபத்தேழாம் வயதில், அவர் கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்டது அறிவுலகின் தீராத இழப்பாகும்.

இக்கருவிக்கும் குறைகள் உண்டு. அது பெரும்பாலும் மேற்பரப்பையே காணும். தடித்த பொன்முலாம் பூசிய செம்பைப் பொன்னென்று கூறினும் வியப்பில்லை. அன்றியும், அலுமினியத்தின் மெலிந்த கதிர் ஓரங்குலக் காற்றைக் கடப்பதற்குள் பெரும்பகுதி மறைந்துவிடும்.

காற்றே இல்லாத இடத்தில் அத்தடை ஏது? 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில், தென் அகலக்கோடு 69 பாகைக்கு அருகே இறங்கியது. அங்குள்ள மண்ணை இவ்வுலகுக்குக் கொண்டுவர அதில் வழியில்லை. ஆதலின், பிரக்யான் என்னும் ஊர்தியே ஆய்வுக்கருவியைச் சுமந்து சென்றது. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார் ஆக்கிய அக்கருவியில், கியூரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் மண்ணின் அணுக்களைத் தூண்டியது. ஊர்தி சென்ற ஏறத்தாழ நூறு மீட்டர் வழியில் 23 அளவீடுகள் எடுக்கப்பட்டன.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, நிலவுக்கலத்தைச் சோதிப்பதற்கு வேண்டிய போலி நிலவுமண், பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தம்பூண்டிப் பகுதிக் கல்லிலிருந்து ஆக்கப்பட்டிருந்தது. இப்பொழுது நாமக்கல் மாவட்டத்திலுள்ள அப்பகுதியின் வெண்ணிறக் கல்லுக்கு அனார்த்தொசைட்டு என்று பெயர். நிலவின் மேட்டுநிலம் அவ்வினக் கல்லாலானது என்று அறிஞர் கருதியிருந்தனர். பிரக்யான் அளந்த மண்ணும் அவ்வினத்தைச் சார்ந்ததே என்னும் முடிவு 2024-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.