குடும்பஸ்தரான ஓர் அர்ச்சியசிஷ்டர்



அர்ச்சியசிஷ்டர் என்றதும் குருக்களும் கன்னியரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். 2022 மே 15-ல் பிரான்சிஸ் பாப்பரசர் அர்ச்சியசிஷ்டராக அறிவித்த தேவசகாயமோ மனைவியுள்ள குடும்பஸ்தர். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர்.

அவருக்கு விசுவாசம் பிறந்தது வேலை ஸ்தலத்தில். வீட்டில் நஷ்டமும் துயரமும் அடுத்தடுத்து வந்து அவர் முகம் வாடியிருந்தபோது, என்னவென்று விசாரித்தவர் டிலனாய். அவர் உபதேசியார் அல்ல; 1741 குளச்சல் யுத்தத்தில் பிடிபட்டு, பின்பு மன்னரின் படையிலேயே வேலை பார்த்த டச்சுப் படைத்தலைவர். அவர் யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். (நம் பனியன் கம்பெனிகளில் டீ வேளையில் இப்படி ஒரு பேச்சு நடக்கக் கூடாதா?) 1745-ல் தேவசகாயம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. மனைவி பார்கவிக்குத் தாமே வேதத்தை எடுத்துரைத்தார். அந்த அம்மாளும் ஞானப்பூ என்ற நாமத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். இரவு ஷிப்டு முடித்து வரும் தகப்பன்மாரின் களைப்பு நாம் அறிந்ததே. ஆனாலும் பிள்ளைகளின் ஞானோபதேசம் முழுவதும் சிஸ்டர்மாரின் பொறுப்பு என்று விட்டுவிடுவது சரியல்ல.

1752 ஜனவரி 14-ல் தேவசகாயம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்திலேயே குடியிருந்து 1766-ல் மரித்தார். தெற்கே சொந்த ஊருக்குப் போகிறவர்கள் அந்த அம்மாளின் கல்லறையையும் சந்தித்து வாருங்கள்.