நீர்மேல் எழுத்தும் கல்மேல் எழுத்தும்
கணினிப் பாடம்: லினக்ஸில் ராம் டிஸ்க், கேஷ்



கிளைக்கு யாராவது பழைய கணினி ஒன்றைக் கொடுத்தால், அதில் லினக்ஸ் போட்டு ஓட்டுவது நல்ல யோசனை. செலவு இல்லை, கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கு. அந்தப் பழைய பெட்டியை எப்படி வேகமா ஓட வைக்கலாம், வேகத்துக்கு ஆசைப்பட்டு தகவலைத் தொலைக்காம எப்படிப் பார்த்துக்கலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. ராம் எது, டிஸ்க் எது?

சமையலறையில் அம்மா பக்கத்தில் அஞ்சறைப்பெட்டி இருக்கும். கடுகும் சீரகமும் கைக்கெட்டும் தூரத்தில். மூட்டை மூட்டையாகச் சாமான் இருப்பதோ ஸ்டோர் ரூமில். ராம் என்பது அஞ்சறைப்பெட்டி. டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி பிடிக்கும். ராமுக்குச் சுமார் 100 நானோ வினாடி போதும். ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்!

ஆனால் ஒன்று. மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அழிந்துபோகும். அது நீர்மேல் எழுத்து. டிஸ்க்கில் போய்ச் சேர்ந்ததுதான் கல்மேல் எழுத்து. பாடம் முழுக்க இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. லினக்ஸ் தானாகவே செய்யும் கேஷ்

டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

ஃப்ரீ -எச்

'ஃப்ரீ' என்ற பத்தியில் எண் ரொம்பக் குறைவாக இருக்கும். "ஐயோ, ராம் தீர்ந்துபோச்சே!" என்று பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் வீணாக்காது. நீங்கள் ஒருமுறை திறந்த கோப்பை அதில் வைத்துக்கொள்ளும். இதுதான் பேஜ் கேஷ். 'பஃப்/கேஷ்' பத்தியில் அதன் அளவு தெரியும். வேறு மென்பொருளுக்கு இடம் தேவைப்பட்டால் கேஷில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'அவெய்லபிள்' பத்தி.

சோதித்துப் பார்க்கலாமா? பெரிய வீடியோ கோப்பு ஒன்றை எடுத்து இதை இரண்டு முறை அடியுங்கள்:

டைம் கேட் வீடியோ.எம்பி4 > /டெவ்/நல்

முதல் முறை டிஸ்க்கிலிருந்து வரும். ராமில் இடம் இருந்தால், இரண்டாம் முறை கேஷிலிருந்து வரும். நேரத்தை ஒப்பிட்டால் புரியும். மறுபடி முதலிலிருந்து சோதிக்க, கேஷைக் காலி செய்யுங்கள்:

சிங்க்
எக்கோ 3 | சுடோ டீ /ப்ராக்/சிஸ்/விஎம்/டிராப்_கேஷஸ்

இது சோதனைக்கு மட்டும்தான். "ராம் கிளீன் பண்றேன்" என்று தினமும் செய்தால் கணினி மெதுவாகத்தான் ஆகும்.

3. 'சேவ்' ஆகிவிட்டதா, இல்லையா?

இதுதான் பலர் ஏமாறும் இடம். கோப்பைச் சேமித்ததும் அது நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் ராமில் நிற்கும். இன்னும் எழுதப்படாத இந்தப் பகுதியை 'டர்ட்டி' என்பார்கள். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் 5 வினாடிக்கு ஒருமுறை ஒரு வேலையாள் எழுந்து பார்ப்பார்; 30 வினாடியைத் தாண்டிக் காத்திருப்பவற்றை டிஸ்க்கில் எழுதுவார். ஆக, நீங்கள் சேமித்தது அரை நிமிடம்வரை நீர்மேல் எழுத்தாகவே இருக்கலாம். சில மென்பொருள்கள் சேமிக்கும்போதே டிஸ்க்கில் எழுதச் சொல்லிவிடும். எல்லாமே அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது.

எவ்வளவு காத்திருக்கிறது என்று பார்க்க ('டர்ட்டி'யின் முதல் எழுத்து பெரிய எழுத்து):

கிரெப் டர்ட்டி /ப்ராக்/மெம்இன்ஃபோ

எல்லாவற்றையும் உடனே எழுதச் சொல்ல:

சிங்க்

அவ்வளவுதான், ஒரே சொல். அது முடிந்து கட்டளை வரி திரும்பி வரும்வரை காத்திருங்கள். பென்டிரைவில் நகல் எடுக்கும்போது பச்சைப் பட்டை நிறைந்ததும் பிடுங்கினால் சில கோப்பு காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 'யூமவுண்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

4. நாமே ஒரு ராம் டிஸ்க் செய்வோம்

ராமின் ஒரு பகுதியை டிஸ்க் மாதிரி பயன்படுத்துவதே ராம் டிஸ்க். இதற்கு எளிய வழி டிஎம்பிஎஃப்எஸ் (முதல் வரியில் 'எம்கேடிர்' என்பது எம், கே, டி, ஐ, ஆர் என்ற ஐந்து எழுத்து, இரண்டாம் வரியில் 512-க்குப் பின்னால் வரும் எம் பெரிய எழுத்து):

சுடோ எம்கேடிர் /எம்என்டி/வேகம்
சுடோ மவுண்ட் -டி டிஎம்பிஎஃப்எஸ் -ஓ சைஸ்=512எம் டிஎம்பிஎஃப்எஸ் /எம்என்டி/வேகம்
டிஎஃப் -எச் /எம்என்டி/வேகம்

512 மெகாபைட் உச்ச வரம்பு மட்டுமே. கோப்பு வைக்க வைக்கத்தான் ராம் செலவாகும். அளவு சொல்லாவிட்டால் மொத்த ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம் என்று லினக்ஸ் வைத்துக்கொள்ளும். இடம் போதவில்லையா? உள்ளே இருப்பது அழியாமலே கூட்டலாம் (1-க்குப் பின்னால் வரும் ஜி பெரிய எழுத்து):

சுடோ மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,சைஸ்=1ஜி /எம்என்டி/வேகம்

வேலை முடிந்ததும் தேவையானதை டிஸ்க்குக்கு நகலெடுத்து, 'சிங்க்' கொடுத்து, அதன் பிறகே:

சுடோ யூமவுண்ட் /எம்என்டி/வேகம்

யூமவுண்ட் செய்த நொடியில் உள்ளே இருந்த எல்லாம் போய்விடும். குப்பைத்தொட்டியில் தேடினாலும் கிடைக்காது.

ராம்எஃப்எஸ் என்று இன்னொன்று உண்டு. அதற்கு அளவுக் கட்டுப்பாடே இல்லை. ராம் தீரும்வரை விழுங்கும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: ராம் நெருக்கடியானால் டிஎம்பிஎஃப்எஸ்-இல் உள்ளது டிஸ்க்கின் ஸ்வாப் பகுதிக்குப் போகலாம். ஆகவே அடையாள அட்டை எண்கள் போன்ற ரகசியத் தகவலை அங்கே வைத்தால் டிஸ்க்கில் தடயமே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

5. எஸ்எஸ்டியைக் கேஷாக வைத்தால்

பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைக் கேஷாக நிறுத்தலாம். 2013-இல் டிஎம்-கேஷ், பிகேஷ் என்ற இரு வசதிகளும் லினக்ஸில் சேர்ந்தன. இதில் இரண்டு முறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். 'ரைட்த்ரூ' முறையில் எழுதுவது ஹார்ட் டிஸ்க்கையும் சேர்ந்த பிறகே "முடிந்தது" என்று சொல்லும். 'ரைட்பேக்' முறையில் எஸ்எஸ்டியில் எழுதியதுமே "முடிந்தது" என்று சொல்லிவிடும். இரண்டாவது வேகம், ஆனால் அந்த எஸ்எஸ்டி பழுதானால் டிஸ்க்கில் உள்ளதும் அரைகுறையாகிவிடும். பொதுத் தகவல் இருக்கும் கணினிக்கு ரைட்த்ரூ முறையே நல்லது.

6. எதை எங்கே வைப்பது?

தைப்பூசத்தன்று ஒரு சேவைக் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் தவறிய பிள்ளைகளின் பெயர், வயது, சட்டை நிறம், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில் பதிவாகின்றன. பேட்டரி செத்துப்போன லேப்டாப். வேகமா இருக்கட்டுமே என்று அந்தப் பட்டியலை ராம் டிஸ்க்கில் வைத்தால்? யாரோ வயரில் கால் இடறினால் போதும், பட்டியல் காணாமல் போய்விடும். அழுதுகொண்டு நிற்கும் ஒரு தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது?

அந்தப் பட்டியல் டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பின் 'சிங்க்'. பக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். அதே நாள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சிறிதாக்கும் வேலைக்கு ராம் டிஸ்க் தாராளமாகப் போதும். மூலப் படங்கள் கேமரா அட்டையில் பத்திரமாக இருக்கின்றன. போனால் மறுபடி செய்துகொள்ளலாம்.

விதி எளிது: மறுபடி செய்ய முடிவது நீர்மேல் இருக்கலாம், முடியாதது கல்மேல்தான் இருக்க வேண்டும். பிறர் நம்மை நம்பிக் கொடுத்த தகவல் நம் சொத்து இல்லை, அடைக்கலப் பொருள். அதைக் காப்பதும் தொண்டுதான்.

பயிற்சி

1. 256 மெகாபைட் ராம் டிஸ்க் செய்து, அதில் ஒரு கோப்பை வைத்து, யூமவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது?
2. பெரிய கோப்பை நகலெடுத்த உடனே 'டர்ட்டி' அளவைப் பாருங்கள். 'சிங்க்' கொடுத்து மறுபடி பாருங்கள்.
3. கலந்துரையாடுங்கள்: உங்கள் கிளையின் உறுப்பினர் பட்டியல், கணக்கு, முகாம் படங்கள் இவற்றில் எவை தொலைந்தால் திரும்பப் பெறவே முடியாது? அவை இன்று எத்தனை இடத்தில் உள்ளன?

மூன்றாவது கேள்விக்கு "ஒரே இடத்தில்" என்று பதில் வந்தால், மற்ற பயிற்சியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு நகல் எடுங்கள்.