வடித்த வினிகருக்குக் காற்று ஆகாது

காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதிக் கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது தண்ணீர் வீணாகத் தரையில் ஓடுகிறது. இதிலிருந்து வினிகர் தயாரிக்கலாம். ஆனால் தயாரித்தவர்களில் பலர், "முதலில் நல்ல புளிப்பாக இருந்தது. இரண்டு மாதத்தில் தண்ணீராகிவிட்டது" என்று குறைப்படுவதுண்டு. தவறு தயாரிப்பில் இல்லை, வைத்திருந்த விதத்தில்தான்.

தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்ட் இட்டு நொதிக்கவிட்டால் முதலில் சாராயச் சத்து உண்டாகிறது. பிறகு தாய் வினிகர் சேர்த்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் உதவியால் சாராயத்தை அசெடிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால்தான் அகன்ற வாயுள்ள ஜாடியில் ஊற்றித் துணியால் மட்டும் வேடு கட்டுகிறோம். சாராயம் தீர்ந்த பிறகும் காற்று கிடைத்துக்கொண்டே இருந்தால், அதே நுண்ணுயிர்கள் தாம் செய்த அமிலத்தையே உண்ணத் தொடங்கும். அமிலம் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடும். புளிப்பு குறையக் குறையப் பூஞ்சணமும் பிடிக்கும்.

ஆகவே சாராய வாடை அநேகமாகப் போய், புளிப்பு மேலும் ஏறாமல் நிற்கும் சமயத்தில் வினிகரை வடித்துவிட வேண்டும். ஜாடியைச் சாய்த்து ஊற்றக் கூடாது, வண்டல் கலங்கும். ஜாடியை மேசைமேல் வைத்து, ஒரு பிளாஸ்டிக் குழாயை வண்டலுக்குச் சற்று மேலே நிற்கும்படி விட்டு, கீழே உள்ள பாட்டிலில் இறக்கவும். குழாயின் மறுமுனை பாட்டிலின் அடியைத் தொட்டிருக்கட்டும். உயரத்திலிருந்து சலசலவென்று விழுந்தால் காற்றும் சேர்ந்து கலந்துவிடும். இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் வேண்டாம். அமிலம் அவற்றை அரிக்கும்.

அடுத்த தயாரிப்புக்கு வேண்டிய தாய் வினிகரை ஒரு லிட்டர் அளவு இப்போதே தனியே எடுத்துத் துணி கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சூடுபடுத்திய வினிகர் அதற்கு உதவாது.

மற்றதைக் குறுகிய கழுத்துள்ள கண்ணாடிப் பாட்டில்களில், மேலே ஒரு விரல் இடம் மட்டும் விட்டு நிரப்பவும். அகன்ற பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, பாட்டில்களை நிறுத்தி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றிச் சூடாக்கவும். மூடிகள் தளர்வாக இருக்க வேண்டும். உள்ளே உள்ள வினிகர் 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை அடைந்ததும், அதே சூட்டில் அரை மணி நேரம் வைத்திருக்கவும். இதற்கு ஒரு வெப்பமானி வாங்குவது வீண் செலவல்ல. பிறகு மூடிகளை இறுக்கவும். தகர மூடி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி நல்லது. சூடான பாட்டிலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் விரிந்துவிடும்.

பெரிய கேனில் வைத்துக்கொண்டு தினம் கால் லிட்டர் எடுத்து விற்பவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். மூடிய பாத்திரத்துக்குள் இருக்கும் காற்று செய்யும் கெடுதல் கொஞ்சம்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்றும் புதுக் கிருமியும் உள்ளே போவதே கேடு. அரை லிட்டர், கால் லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து நிரப்பி, வேண்டியதை மட்டும் திறக்கலாம். வீட்டு உபயோகப் பாட்டில் பாதியாகிவிட்டால் சிறிய பாட்டிலுக்கு மாற்றுங்கள். கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துவதும் உண்டு.

மேலே மெல்லிய ஏடு படர்ந்தால் காற்றுப் புகுந்துவிட்டதென்று அறியலாம். வெளிச்சத்தில் பார்க்கும்போது நூல்போல் நெளியும் நுண்புழுக்கள் தெரிவதும் அப்படியே. அவை உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் பார்த்தவர் யாரும் வாங்கமாட்டார்.

விற்பனைக்குச் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். இடையில் சாராயச் சத்து உண்டாவதால் மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்திலும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. விதிப்படி 100 மில்லி லிட்டர் வினிகரில் குறைந்தது 3.75 கிராம் அசெடிக் அமிலம் இருக்க வேண்டும். நாக்கை நம்பி இதைச் சொல்ல முடியாது. வடித்தவுடன் ஒரு முறையும், இரண்டு மாதம் கழித்து மறு முறையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தால் மூடி சரியாக இருந்ததா என்பது தெரிந்துவிடும்.