கல் உடைக்கும் தேநீர்



பிரேசில் நாட்டுச் சந்தைகளில் காய்ந்த பூண்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள். அதில் ஒன்றின் பெயர் 'கெப்ரா பெத்ரா'. அவர்கள் பேசும் போர்த்துகீசிய மொழியில் கெப்ரா என்றால் உடைப்பது, பெத்ரா என்றால் கல். சிறுநீரகத்தில் கல் என்றால் அந்த ஊர்ப் பாட்டிமார் இதைத்தான் தேநீராகப் போட்டுக் கொடுப்பார்கள். தேயிலை இதில் கிடையாது. எந்தப் பூண்டை வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தாலும் அவர்களுக்கு அது தேநீர்தான்.

அந்தப் பூண்டு நமக்குப் புதிதல்ல. நம்முடைய கீழாநெல்லியே அது! இலைக்குக் கீழே நெல்லிக்காய் போலக் குட்டிக் காய்கள் வரிசையாகத் தொங்குமே, அதுதான். மலாய்க்காரர்கள் 'டுக்கோங் அனாக்', அதாவது பிள்ளையைச் சுமப்பது, என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் மஞ்சள்காமாலைக்கு அரைத்துக் குடிக்கிறோம். அவர்கள் கல்லுக்குக் குடிக்கிறார்கள்.

வெயிலில் குலை வெட்டுகிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் இந்த விஷயம் முக்கியம். உடம்புத் தண்ணீர் எல்லாம் வேர்வையாகப் போய்விடுகிறது. சிறுநீர் குறைந்து, தே-ஓ நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதில் இருக்கும் உப்புகள் கரைய இடமில்லாமல் பொடிப்பொடியாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிறது. விலாவுக்குக் கீழே முதுகில் பிடித்து, அடிவயிறு, தொடை இடுக்கு வரைக்கும் இழுக்கிற அந்த வலியை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள்.

சரி, தேநீர் கல்லை உடைக்குமா? உடைக்காது. பெயரை நம்பி ஏமாற வேண்டாம். சாவ் பாவ்லோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல வருஷமாகச் சோதித்து வருகிறார்கள். பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதை இந்தப் பூண்டின் சாறு தடுக்கிறது என்று சோதனைக்கூடத்தில் கண்டார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கல் உள்ள 69 பேரில் ஒரு பகுதியினருக்கு 3 மாதம் இதன் சாற்றை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாகப் போனவர்களுக்கு அது குறைந்தது. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பெரிய கல் கரைந்து போகும் என்று கைத்தொலைபேசியில் படம் காட்டுகிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தண்ணீரோடு தானாகவே வெளியேறும். இந்தத் தேநீரை அதற்குக் கூடமாட உதவி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரேசில் அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010-இல் கொடுத்த அளவு இது: காய்ந்த பூண்டு 3 கிராம், தண்ணீர் 150 மில்லி. நம் கணக்கில் ஒரு மேசைக்கரண்டி பூண்டு, ஒரு சின்ன மங்கு தண்ணீர். செடியை நன்றாகக் கழுவி நிழலில் காயவைத்து நறுக்குங்கள். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பூண்டின் மேல் ஊற்றி மூடிவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வடிகட்டலாம். கஷாயம் மாதிரி மூன்றில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்ச வேண்டாம். கசப்புக் கூடினால் குணம் கூடும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. கூடினால் வயிற்றுப்போக்குதான் வரும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை போதும். அந்தந்த வேளைக்குப் புதிதாகப் போடுங்கள், சீனி வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை செடியை எங்கே பிடுங்குகிறீர்கள் என்பதுதான். செம்பனை நிரையிலும் தோட்டத்துச் சாலை ஓரத்திலும் கீழாநெல்லி செழிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே களைக்கொல்லி அடிக்கிறோமே! பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். அதற்காக மற்ற மருந்துகள் குடிக்கத் தகுந்தவை ஆகிவிடவில்லை. கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். கிளைபோசேட் இலைக்குள் இறங்கி வேர் வரைக்கும் போகிற சாமான், அதை எப்படிக் கழுவுவது? வீட்டுப் பின்னால், மருந்து படாத மண்ணில், ஒரு பழைய வாளியில் நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளினால் பால் வடிகிற செடி கீழாநெல்லி அல்ல, அதைத் தொடாதீர்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகள் இதைக் குடிக்கவே கூடாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்; இரண்டும் சேர்ந்து மயக்கத்தில் தள்ளக்கூடும்.

இன்னொன்று. கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், வண்டியைப் பிடியுங்கள். கல் அடைத்த இடத்துக்கு மேலே கிருமி பிடித்தால் ஒரே நாளில் உயிருக்கு வந்துவிடும். காய்ச்சலோடு கண் மஞ்சளானாலும் இதே பேச்சுதான். காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருப்பார்கள். அது எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சலாக இருக்கும்.

தேநீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வெறும் தண்ணீர் வேண்டும். பிரட்டுக்குப் போகும்போதே ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொரு போத்தல். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற வரைக்கும் குடிக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் குறையட்டும், உப்புக் கூடினால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தும் கூடும்.

கல் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால், பழைய தேநீர் வடிகட்டி ஒன்றை ஒதுக்கி வைத்துச் சிறுநீரை அதில் வடித்துப் பாருங்கள். மணல் மாதிரி, சின்னக் கல் மாதிரி எது விழுந்தாலும் காய்ந்த போத்தலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான், திரும்ப வராமல் இருக்க எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று டாக்டர் சொல்ல முடியும்.