கிருமிக்குள் ஒரு கவலை ஏற்றம்

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் சென்றால், தாம்பரத்தை அடுத்து வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கு நிறுவிய காசநோய் விடுதியால் வந்த பெயர் அது. அந்நாளில் காசநோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, இவைதாம் சிகிச்சை. இன்று மருந்துகள் உள்ளன. ஆயினும் சில கிருமிகள் அவற்றுக்கு மசிவதில்லை. மரபணு மாற்றமே இதற்கு முதற்காரணம். இன்னொன்றும் உண்டு: உள்ளே நுழைந்த மருந்தைக் கிருமி வெளியே இறைத்துவிடுகிறது! உள்ளே மருந்து குறைந்தால் கிருமி சாகாமல் பெருகும். பெருகும்போது மரபணு மாறிய வாரிசு தோன்றவும் வாய்ப்பு கூடும்.

இறைக்க ஆற்றல் ஏது? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

பாக்டீரியா உணவை எரித்துப் பெறும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, தன் சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அதனால் சவ்வின் இருபுறமும் ஏறத்தாழ 0.15 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. டார்ச் செல்லில் பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ணாதீர்கள். சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் 2 லட்சத்தில் ஒரு பங்கு! வகுத்துப் பாருங்கள்: மின்புலம் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் 30 லட்சத்திலேயே பொறி பறந்துவிடும்.

வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கின்றன. பம்புசெட் வருமுன் நம் கிணறுகளில் இருந்த கவலை ஏற்றத்தைத் தாத்தாவிடம் கேளுங்கள். மாடுகள் சரிவில் இறங்கும். கயிற்றின் மறுமுனையில் நீர் நிறைந்த சால் மேலேறும். சவ்வில் பதிந்த ஒரு புரதமே இங்கே கயிறு. அது ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். வெளிப்புறம் திறந்து மருந்தை விட்டுப் புரோட்டானைப் பற்றும். உட்புறம் திரும்பிப் புரோட்டானை விட்டு மருந்தைப் பற்றும். ஒன்று இறங்க, மற்றது ஏறுகிறது. டெட்ராசைக்ளின் மருந்தை ஈ.கோலை பாக்டீரியா இவ்வாறு வெளியேற்றுவதை 1980இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி குழுவினர் காட்டினர். சவ்வில் புரோட்டான் கசியும்படி செய்யும் வேதிப்பொருளைச் சேர்த்தால் ஏற்றம் நின்றுபோகும்.

கயிற்றையே சிக்கவைக்க முடியாதா? 2006இல் ஜம்மு ஆராய்ச்சியாளர்கள், மிளகின் காரப்பொருளான பைப்பெரின் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் இத்தகைய பம்பைத் தடுத்து, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு வலுச்சேர்ப்பதைக் கண்டனர். 2010இல் காசநோய்க் கிருமியிலும் ரிஃபாம்பிசினுடன் அதைச் சோதித்தனர். இதைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்தி மிளகு ரசம் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இவை ஆய்வுக்கூடத்தில் கண்டவை.