திருப்பதிக்குத் திருத்தணி: நடக்காத ஒரு பண்டமாற்று

நவம்பர் பிறந்தால் போதும், கும்மிடிப்பூண்டி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் வந்து விழுந்துவிடும். மேலே ஏழுமலையான், கீழே தணிகை முருகன், நடுவில் எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள். திருப்பதியைக் கொடுத்துத் திருத்தணியை வாங்கினோம் என்பது சேதி. கொடுத்த ஏமாளி யார் என்பது மட்டும் அனுப்புகிறவரின் கட்சியைப் பொறுத்து மாறும். ஒருமுறை ராஜாஜி, அடுத்த முறை காமராஜர். சிப்காட் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், சூலூர்ப்பேட்டை லோக்கலில், ஊத்துக்கோட்டை டீக்கடையில் இதே கதையை வாய்வழியாகவும் கேட்கலாம். நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள். தேதி என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

தேதியைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திருப்பதி ஆந்திரத்துக்குப் போனது 1953 அக்டோபர் 1. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. நடுவில் ஆறரை வருடம். அதைவிட முக்கியமான ஒன்று, திருப்பதி போன அதே நாளில் திருத்தணியும் கூடவே போயிருந்தது. இரண்டும் ஒரே சித்தூர் ஜில்லாவின் ஊர்கள். சேர்ந்து வீட்டை விட்டுப் போன அண்ணன் தம்பியில் அண்ணனைக் கொடுத்துத் தம்பியை வாங்கினேன் என்று ஒருவன் சொன்னால், ஊரில் அவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

சித்தூர் ஜில்லாவே பழைய ஜில்லா அல்ல. 1911 ஏப்ரல் 1-க்கு முன்னால் அப்படி ஒன்று கிடையாது. அதுவரை சித்தூர், வடஆற்காட்டின் தலைமையிடமாக இருந்த ஊர். வெள்ளைக்கார அரசு வடஆற்காட்டிலிருந்து சந்திரகிரி, திருத்தணி, பலமநேர் பக்கங்களையும், கடப்பையிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு பக்கங்களையும் எடுத்து, கார்வேட்டிநகரம், காளஹஸ்தி போன்ற ஜமீன் நிலங்களையும் சேர்த்துப் புது ஜில்லாவாக முடிச்சுப் போட்டது. வடஆற்காடு வேலூருக்கு நகர்ந்தது. திருப்பதி இருந்தது சந்திரகிரி தாலுகாவில். ‘1911-லேயே வெள்ளைக்காரன் திருப்பதியை ஆந்திராவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டான்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்த ஆந்திராவுக்கு? அப்போது ஆந்திரா என்று ஒரு மாநிலமே இல்லை. சித்தூரும் சென்னை ராஜதானிதான், செங்கல்பட்டும் சென்னை ராஜதானிதான். திருமலை தேவஸ்தானத்தை மகந்துகளிடமிருந்து எடுத்துக் கமிட்டியிடம் கொடுக்க 1930-களின் தொடக்கத்தில் சட்டம் போட்டதும் சென்னைச் சட்டசபையே.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதமிருந்து இறந்தார். சில நாட்களிலேயே ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சித்தூர் உட்பட பதினொரு மாவட்டங்களும், பெல்லாரியில் ஆலூர், ஆதோனி, ராயதுர்கம் தாலுகாக்களும் முழுதாகப் போயின. தில்லி ஜில்லாவை ஜில்லாவாக எடுத்துக்கொண்டது; அதற்குள் இருந்த தமிழ்த் தாலுகாவைப் பிரித்துப் பார்க்க மெனக்கெடவில்லை. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழாரும், திருத்தணி கே. விநாயகமும் தெருவுக்கு வந்தது இதனால்தான். அவர்கள் வேங்கடம் வரைக்கும் கேட்டார்கள். கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காத பொருளைக் ‘கொடுத்தோம்’ என்று சொல்வது அந்தப் போராட்டக்காரர்களைத்தான் சிறுமைப்படுத்துகிறது.

காமராஜர் மேல் பழி போடுகிறவர்களுக்குக் காலண்டரே போதும். அவர் முதலமைச்சரானது 1954 ஏப்ரலில். திருப்பதி போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சென்னையைக் காப்பாற்றத் திருப்பதியை விட்டுக்கொடுத்தோம் என்பது இந்தக் கதையின் இன்னொரு வேஷம். ஆந்திரத் தலைவர்கள் ‘மதராஸ் மனதே’ என்று சென்னையைக் கேட்டது உண்மை. ஆனால் நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழு 1949-லேயே, ஆந்திரர்கள் சென்னைமேல் உள்ள உரிமையை விட்டால்தான் தனி மாநிலம் என்று எழுதிவிட்டது. பட்டாபி தெலுங்கர் என்பதையும் கவனிக்க வேண்டும். 1953 மார்ச்சில் சென்னை எஞ்சிய சென்னை மாநிலத்தோடுதான் இருக்கும் என்று நேரு உறுதி சொன்னார். இந்தப் பேரத்தில் திருப்பதி தட்டில் வைக்கப்படவே இல்லை. சந்திரகிரி தாலுகாவில் தெலுங்கு பேசுகிறவர்களே பெரும்பான்மை என்பதால், தில்லிக்கு அது பிரச்சினையாகவே தோன்றவில்லை.

உடனே ஒருவர் எழுந்து கல்வெட்டைக் காட்டுவார். திருமலைக் கோயிலின் பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்தான். ஆழ்வார்கள் பாடிய மலைதான். தொல்காப்பியப் பாயிரம் வட எல்லையாகச் சொல்வதும் அதே வேங்கடத்தைத்தான். எல்லாம் சரி. ஆனால் கல்வெட்டைப் பட்டாவாக எடுத்துக்கொண்டால், தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் சரபோஜி 1803-இல் வெட்டிவைத்த நீண்ட மராத்திக் கல்வெட்டைக் காட்டி நாளைக்குப் பூனாவிலிருந்து ஒருவர் வந்து நிற்பார். அப்போது என்ன பதில் சொல்வது?

இதில் ஆத்திரம் வருவதற்குக் காரணம் வேறு. மாற்று ஒன்று நிஜமாகவே நடந்தது. அது நடந்தது திருவள்ளூர்க்காரர்களின் கொல்லைப்புறத்தில். அது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

திருத்தணிக்காக நடந்த போராட்டத்துக்குப் பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க எச்.வி. பட்டாஸ்கர் நடுவராக வந்தார். அவர் ஜில்லாவையோ தாலுகாவையோ அலகாக வைக்கவில்லை, கிராமத்தை வைத்தார். எந்த மொழி பேசுவோர் அதிகம், பக்கத்து ஊர்களோடு நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்தார். அதன்படி 1959-இல் ஆந்திரப் பிரதேச - சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. அதே சட்டத்தின் இன்னொரு அட்டவணைப்படி பொன்னேரி தாலுகாவின் சத்தியவேடு பகுதியும், திருவள்ளூர் தாலுகாவின் சில கிராமங்களும், சேலம் ஜில்லாவின் ஓரத்தில் சில ஊர்களும் அந்தப் பக்கம் போயின.

ஆக, திருத்தணிக்கு ஈடாகப் போனது சத்தியவேடு. 1960 மார்ச் 31 வரை அது செங்கல்பட்டு ஜில்லா. கும்மிடிப்பூண்டிக்கும் சத்தியவேட்டுக்கும் ஒரே தாலுகா, ஒரே தாசில்தார். 1957 தேர்தலில் சென்னைச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்ட சத்தியவேட்டுக்காரர் 1962-இல் ஐதராபாத்துக்கு ஆள் அனுப்பினார். 1955-இல் ஆந்திரச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்ட திருத்தணிக்காரர் 1962-இல் சென்னைக்கு அனுப்பினார். இன்று சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி. கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் தினமும் மாநிலம் தாண்டி அங்கே ஷிப்டுக்குப் போகிற பையன்களிடம், சத்தியவேட்டு விவசாயிகள் ஒரு காலத்தில் பொன்னேரி தாலுகாவில் கிஸ்தி கட்டினார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். திருப்பதிக் கதையைச் சொன்னால் மட்டும் நம்புகிறார்கள்.

நில ஆவணங்களோடு பழகியவர்களுக்கு இதெல்லாம் புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயமே இல்லை. திருத்தணிப் பக்கத்துப் பழைய குடும்பம் ஒன்றின் பத்திரக் கட்டை அவிழ்த்தால் போதும். அடியில் இருக்கும் மூலப்பத்திரம் ‘வடஆற்காடு ஜில்லா’ என்று தொடங்கும். அடுத்த பாகப்பிரிவினை ‘சித்தூர் ஜில்லா’. அது பல வீடுகளில் தெலுங்கில் இருக்கும். தமிழ்ப் பத்திரத்தில் செக்குபந்தி என்று எழுதியிருப்பது அதில் ஹத்துலு. கிழக்கே இன்னாருடைய நிலம், மேற்கே ஓடை என்ற நாலெல்லை மட்டும் அப்படியே இருக்கும். 1960-க்குப் பிந்தைய கிரயம் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று சொல்லும். 1997 ஜூலைக்குப் பின்னால் எழுதியது ‘திருவள்ளூர் மாவட்டம்’. ஓடை நகரவில்லை, வேலி நகரவில்லை. ஜில்லா மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தபோது ஊர் வடஆற்காட்டில் இருந்தது. அவர் குடியரசுத் துணைத் தலைவராக 1952-இல் பதவியேற்றபோது சித்தூர் ஜில்லா, சென்னை மாநிலம். பதவியில் இருக்கும்போதே ஊர் ஆந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அவரைத் தமிழர் என்றும் தெலுங்கர் என்றும் இரு பக்கமும் இழுப்பது இன்றும் நடக்கிறது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த திருத்தணிக்காரர் அவர். அந்த ஊரில் அப்படிப் பிறப்பது விசேஷம் ஒன்றுமில்லை.

பல மொழிக்காரர்கள் கலந்து கிடக்கும் எல்லைப்புறம் எந்த அரசுக்கும் தலைவலிதான். மேற்குச் சீனாவின் சிஞ்சியாங் 1884-இல் மாகாணம் ஆனது. 1955 அக்டோபர் 1 அன்று உய்குர்களின் பெயரால் தன்னாட்சிப் பகுதி ஆனது. அதற்குள்ளேயே கசாக்குகள் பெயரில் இலி, மங்கோலியர் பெயரில் பாயிங்கோலின் என்று பெட்டிக்குள் பெட்டி. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முதல் நாள், செப்டம்பர் 30 அன்றுதான் ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்புக் குழு தில்லியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. பெட்டிக்குள் பெட்டி வைக்கும் வழியை நம்மவர்கள் எடுக்கவில்லை. கிராமத்தை எண்ணிக் கோடு போட்டார்கள். அதிலும் சிறுபான்மை மிஞ்சும். நகரி, புத்தூர் பக்கம் தமிழர்களும் பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் தெலுங்கர்களும் அப்படி மிஞ்சியவர்கள்தான்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கும்மிடிப்பூண்டி ஒரு காலத்தில் ஆந்திராவில் இருந்ததாம். இல்லை, ஒரு நாள்கூட இல்லை. பொன்னேரி தாலுகாவிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆனது, அவ்வளவுதான். இங்குள்ள தெலுங்குக்காரர்கள் சிப்காட் வந்தபின் வேலை தேடி வந்தவர்களாம். கார்வேட்டிநகரம், காளஹஸ்தி பாளையங்களுக்குக் கம்பெனி சன்னது கொடுத்ததே 1802-இல். அவர்களுடைய குடிகளுக்கு அதற்கும் முந்தைய வேர். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டியபோதும் அந்தத் துறையில் பல பாஷை புழங்கியது.

ஆரணியாறுதான் எல்லையாம். ஆறு எல்லையாக இருந்திருந்தால் பிச்சாட்டூர் அணை திறக்கும்போதெல்லாம் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியிருக்காது. ஆறு எல்லையைக் குறுக்கே கடந்துதான் வருகிறது. நவம்பர் 1-தான் திருத்தணி மீண்ட நாள் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களுக்கு: 1956 நவம்பர் 1 அன்று திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. கிருஷ்ணா நீர் ஆந்திரா போடும் பிச்சையும் அல்ல. 1983-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 1996-இலிருந்து பூண்டிக்கு வரும் தண்ணீர் அது. கால்வாய்க்குத் தமிழ்நாடும் பணம் கொடுத்திருக்கிறது.

இந்தக் கதைகள் பரவுகிற வேகத்தில் கால்வாசியாவது பழைய காகிதங்களைக் காப்பாற்றுவதில் காட்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திரத்தில் 1984-இலும் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனால் கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த கணக்குகள் எல்லாமே தாலுகா ஆபீஸ் வந்து சேர்ந்துவிடவில்லை. சிலவற்றைக் கரையான் தின்றது, சிலது பழைய பேப்பர்காரனிடம் போனது. மிஞ்சியதில் தெலுங்கில் இருப்பதைப் படிக்கும் பத்திர எழுத்தர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். தென் மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் ஊழியருக்கு அது வெறும் சுழி. பேரன் பட்டா மாற்றக் கொண்டுவரும் தாத்தாவின் பாகப்பத்திரம், படிக்க ஆள் இல்லாமல் மேசையில் கிடக்கும். வேங்கடத்தை மீட்போம் என்று மேடையில் முழங்குவதற்குச் செலவாகும் மைக்செட் வாடகையில், பள்ளிப்பட்டில் ஒரு தெலுங்கு எழுத்து வகுப்பு நடத்தலாம். சத்தியவேட்டில் ஒரு தமிழ் எழுத்து வகுப்பும். எல்லையோரச் சார்பதிவாளர் அலுவலகங்களில் இரு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யும்போதே பக்கத்தில் பெயர்த்து எழுதச் சொல்லலாம்.

அதுவரைக்கும், எல்லையோரத்தில் மனை வாங்குகிறவர்கள் வில்லங்கம் போடும்போது இன்றைய மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. திருத்தணி, பள்ளிப்பட்டு நிலமென்றால் 1960 ஏப்ரலுக்கு முந்தைய பத்திரத்தைச் சித்தூர் ஜில்லா என்று சொல்லித் தேட வேண்டும். சத்தியவேடு நிலமென்றால் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா.